சம்பந்தி வீட்டு ஞானஸ்நானப் பதிவேடு

தன்னோடு வேலை செய்யும் ஓர் ஆங்கிலேயரைக் கட்டப்போவதாக மகள் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "பெடியன் எந்த ஊர்?"

எங்கள் ஆட்கள் என்றால் விசாரிப்பது சுலபம். லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருந்தபடியே இரண்டு பேருக்குப் போன் அடித்தால் மூன்று தலைமுறையும் தெரிந்துவிடும். இந்தப் பெடியனின் ஆட்களோ லண்டனிலிருந்து இரண்டு மணி நேர ரயில் தூரத்தில், ஒரு கிராமத்துத் தேவாலயப் பங்கில் இருந்தார்கள். அங்கே யாருக்கு அடிப்பது? நல்லகாலம், அந்தக் கோயிலின் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் எல்லாவற்றின் பதிவேடுகளையும் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள்.

மூன்று தலைமுறை விசாரிக்கத் தொடங்கி ஒன்பதாவதுக்குப் போய்விட்டேன். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்துவிடுவேன்.

"இஞ்சேருங்கோ, செத்தவையை விட்டிட்டுச் சாப்பிட வாங்கோ" என்பாள் மனைவி.

பெடியனின் தகப்பனுக்கும் இதில் ஒரே புளுகம், சந்தோசம் தாங்காது. நான் அனுப்பும் ஒவ்வொரு பெயருக்கும் கல்லறையைத் தேடிப்போய்ப் படம் எடுத்து அனுப்புவார்.

ஒன்பதாம் தலைமுறையில் விவாகம் மே பத்தாம் தேதி. முதற்பிள்ளையின் ஞானஸ்நானம் பெப்ரவரி பதினேழு. இரண்டுக்கும் போட்டிருந்தது ஒரே ஆண்டுதான். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முந்தியே பிள்ளை! தேதியை மறைக்கும் பழக்கம் எனக்கில்லை. அப்படியே குறிப்பெழுதி அனுப்பினேன்.

பதில் இல்லை. நாலு நாளாகியும் ஒரு கல்லறைப் படம்கூட வரவில்லை.

மகள் வந்தாள். "அப்பா, அவைக்கு என்ன எழுதினீங்கள்? ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட இருந்தவை. இப்ப பேச்சே இல்லை."

"பதிவேட்டில இருந்ததைத்தான்..."

"கல்யாணம் குழம்பினா அதையும் தேதி போட்டு எழுதி வையுங்கோ" என்றாள் மனைவி.

அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். மே, ஜூன் என்று இறங்கி டிசம்பர் வந்தது. அதற்குக் கீழே ஜனவரி, அதற்கும் கீழே நம்முடைய பெப்ரவரி. மார்ச் இருபத்தைந்தில்தான் புதிய ஆண்டைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். 1752க்கு முன்பு இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது அன்றைக்குத்தான்; அப்படியென்றால் இந்தப் பெப்ரவரி கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. எப்போதோ படித்ததுதான், மறந்துவிட்டேன்! வருடா வருடம் சித்திரையில் வருடப்பிறப்புக் கொண்டாடுகிற நான், ஊர் உலகத்துக்கெல்லாம் ஜனவரியில்தான் ஆண்டு பிறக்கும் என்று நினைத்திருக்கிறேன்.

குசினிக்கு ஓடினேன். "பிள்ளை முறையாய்த்தான் பிறந்தது!"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி திடுக்கிட்டாள். "ஆரின்ரை பிள்ளை?"

"ஒன்பதாம் தலைமுறைப் பிள்ளை!"

"கடவுளே! முதல்ல அந்த மனுசனுக்கு அடியுங்கோ."

அடித்தேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஆண்டுக் கணக்கைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மறுமுனையில் பெருமூச்சு. கோபமில்லை, ஏமாற்றம். தங்கள் குடும்பத்தில் சுவாரசியமாக எவருமே எதையும் செய்ததில்லையாம். நாலு நாளாக வீடு வீடாகப் போய் இந்தக் கதையைச் சொன்னதில் பதில் எழுத நேரம் கிடைக்கவில்லையாம்.

"இன்னொரு தடவை எண்ணிப் பாருங்களேன்" என்று கெஞ்சினார்.

விரல் விட்டு எண்ணினேன். "ஒன்பது மாதமும் ஏழு நாளும்."

"ஏழே நாளா?" சற்று யோசித்தார். "அதை வைத்தும் கொஞ்சம் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட வாருங்கள். வந்து அதை நீங்களே விளக்கவேண்டும்."

"ஓம், ஓம், வாறம்!" என்று வெங்காயக் கண்ணீரோடு மனைவி போனுக்குள் தமிழிலேயே கத்தினாள்.