ரயிலுக்கு அசையாத கோடு

தாம்பரத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பித்த தபீதாள், 1974இல் ஓர் எலக்ட்ரான் நிறமாலைமானியைத் தானே கட்டினாள். எக்ஸ்-கதிர் பட்டுச் செம்பிலிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளந்தால், திடப்பொருளுக்குள் அவை எந்த நிலையில் இருந்தன என்பது புலப்படும். ஆனால் மின்சார ரயில் கடக்கும்போதெல்லாம் அதன் காந்தப்புலம் எலக்ட்ரான்களைத் திசைதிருப்ப, கருவியின் பேனா முள் வரைதாளில் இழுத்த கோடு தள்ளாடியது.

"வெளிநாட்டு மெஷின் வர்ற வரைக்கும் விட்டுடும்மா," என்றார் துறைத்தலைவர் எட்மண்ட்.

"ரயில் நிக்காது சார். நானும் நிறுத்த மாட்டேன்."

பம்மல் பட்டறைக்காரர் அயூபிடம் சொல்லி, காந்தப்புலம் உள்ளே புகாதபடி கருவியை மூட இரும்புப் பெட்டி செய்வித்தாள். ஆட்டம் பாதிதான் அடங்கியது. மறுபடி வந்து நின்றவளைப் பார்த்து அயூப் சிரித்தார்.

"இன்னா டீச்சரம்மா, இத்தோட வுட்டுடுவீங்கன்னு நெனச்சேன்."

"அதுக்கு மேல இன்னொரு பெட்டி போடுங்க அண்ணா. நடுவுல ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும். ஒண்ணு விட்டதை இன்னொண்ணு தடுக்கும்."

இரண்டாவது பெட்டியைப் பொருத்த அயூபே ஆய்வகத்துக்கு வந்தார். ஜன்னல் அதிர ரயில் போயிற்று. பேனா முள் நிதானமாக ஏறி, செம்பின் எலக்ட்ரான் ஆற்றலைக் காட்டும் முகட்டை வரைந்து இறங்கியது. அயூப் கைதட்டினார். தபீதாளோ அடுத்த ரயிலுக்காகக் காத்திருந்தாள். அதற்கும் கோடு அசையாததைக் கண்ட பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.