வாசிப்புப் பட்டியலுக்கு முறை வைத்தவன்

மன்னார்குடியில் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு அரிசி ஆலை. அதன் கூரைத் தகடுகளைப் புயல் பிய்த்துக்கொண்டு போய் அடுத்த ஊர் வாழைத்தோப்பில் போட்டது. டிராக்டரில் பொறுக்கி வந்து அதே தகடுகளை மறுபடி அடித்தேன். ஒரு கல்யாண மண்டபம். ஆலைக்குக் கடன் கேட்டுப் போன நாளில் என் படிப்பைக் கேட்டுச் சிரித்த வங்கி மேலாளர், பிற்பாடு தன் மகள் கல்யாணத்தை அங்கேதான் நடத்தினார். நான் வாசலில் நின்று பன்னீர் தெளித்தேன். அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெளித்தேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் என்னைப் பள்ளிக்கூடம் தாங்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக, மண்டபத்து மாடியில் ஒரு படிப்பகம். அமெரிக்க அரசியல், அமெரிக்கப் பண்பாடு, யூதர்கள், இஸ்ரேல் இவற்றைப் பற்றி இந்த வாரம் என்னென்ன வாசிக்கலாம் என்று பட்டியல் போட்டு ஒட்டும் பலகை காவிரிக் கரையில் வேறு எங்கேயாவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

இதற்குக் காரணம் என் மகள். அவள் அமெரிக்காவில் இருக்கிறாள். நானும் போய் ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு யூதப் பெரியவர். வாசலில் இரண்டு கார் நிற்கும். சனிக்கிழமை காலையில் மனிதர் பனியில் நடந்து போவார். வண்டி பழுது என்று நினைத்து, மாப்பிள்ளையை அனுப்பி, ஏற்றிக்கொண்டு போகச் சொன்னேன். அன்றைக்கு வண்டி ஏறக்கூடாது என்பது அவர்கள் மத வழக்கமாம். பெரியவர் என்னிடம் வந்து நெடுநேரம் ஏதோ சொன்னார். நானும் தமிழில் நெடுநேரம் சொன்னேன். ஊருக்குத் திரும்பும்போது யூதர்களைப் பற்றித் தெரிந்தவனாகத் திரும்பினேன்.

நான் பேசியதையெல்லாம் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர்.

"அண்ணே, ஒரு பக்கத்து வீட்டை வச்சு ஒரு ஜனத்தையே சொல்லிட முடியாது. படிக்கணும்," என்றார்.

"நீங்க படிங்க சார். நான் கேட்டுக்கறேன்."

இப்படித்தான் பட்டியல் பிறந்தது. மகள் கட்டுரைகளை வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். பேராசிரியர் அவளுடையதும் தன்னுடையதுமாகச் சேர்த்துப் பொறுக்கி, பலகையில் ஒட்டி, ஞாயிறு சாயங்காலம் ஒவ்வொன்றின் சாரத்தையும் தமிழில் சொல்வார். ஆரம்பத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் மின்விசிறிக்காக வந்தவர்கள். ஆலை மூடிய ஓர் அமெரிக்க ஊர் யாருக்கு ஓட்டுப் போடுகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பார். பின் வரிசையில் குறட்டை கேட்கும்.

காசாவில் போர் வந்ததும் மாடியில் நாற்காலி போதவில்லை. கூட்டத்தோடு சண்டையும் ஏறி வந்தது. ஒரு பக்கம் என் சம்பந்தி. பேராவூரணியில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். சொட்டுநீர்ப் பாசனம் பார்க்க ஒரு தடவை இஸ்ரேல் போய் வந்தார். அன்றிலிருந்து அந்த நாட்டை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. இன்னொரு பக்கம், மண்டபத்துக்கு எதிரே இரும்புக்கடையும் பக்கத்திலேயே டீக்கடையும் வைத்திருக்கும் பாய். கூத்தாநல்லூர்க்காரர். ஒருநாள் பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, இதுல எங்க சனம் கடைமடையா கெடக்குது. எல்லாரும் பாய்ச்சி முடிச்சப்பறம் கடைசியில ஒரு சொட்டு."

"அங்க சொட்டுநீர்தான் பாய்," என்றார் சம்பந்தி.

பாய் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தியவன் நான். அங்கேயே, படியில் நின்றபடியே, முறை வைத்தேன்.

தண்ணீர் குறைந்த வருஷங்களில் எங்கள் வாய்க்காலில் செய்கிற காரியம்தான். வாய்க்கால் தொடங்கும் இடத்து வயல் தலைமடை, முடியும் இடத்து வயல் கடைமடை. போன தடவை கடைசியில் பாய்ச்சியவனுக்கு இந்தத் தடவை முதல் தண்ணீர். அதோடு, தலைமடைக்காரன் பாய்ச்சும்போது மதகுச் சாவி கடைமடைக்காரன் கையில் இருக்கும். கடைமடைக்காரன் பாய்ச்சும்போது தலைமடைக்காரன் கையில். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே நிற்பார்கள். ஆனால் தண்ணீர் போய்ச் சேரும்.

அதையே பட்டியலுக்குச் சொன்னேன். போன வாரம் அடியில் இருந்த தரப்பு இந்த வாரம் தலையில். இனிமேல் கட்டுரையின் சாரத்தைப் பேராசிரியர் சொல்லக்கூடாது. அவர் தமிழில் படித்துக் காட்டட்டும். அந்தக் கட்டுரையை ஒப்பாதவன் எழுந்து சாரம் சொல்ல வேண்டும். ஒப்புகிறவன் கேட்டுவிட்டு, "ஆமாம், இதைத்தான் சொல்லியிருக்கு" என்று சொல்கிற வரைக்கும் விடக்கூடாது.

"இது நடக்காதுண்ணே," என்றார் பேராசிரியர். இதை அவர் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

நடந்தது. பிணைக்கைதியாகப் பிடித்துப்போன மகனுக்காக வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்கும் ஓர் இஸ்ரேலியத் தாயின் கட்டுரை பாய்க்கு விழுந்தது. "அந்தம்மா தட்டைக் கழுவி வைக்குது. மறுவாரமும் வைக்குது," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். சம்பந்தி உடனே ஆமாம் சொல்லிவிட்டார். காசாவில் குண்டு விழுந்து ஆலிவ் தோப்பை இழந்த விவசாயியின் கட்டுரை சம்பந்திக்கு. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்: "மரம் விழுந்தா மறுநாள் கன்னு வைக்கலாம்னு சொல்றவன் தோப்பு வச்சதில்லைங்கறான்." புயலில் சம்பந்தியின் தென்னைகள் படுத்துக் கிடந்ததைப் பாய் போய்ப் பார்த்து வந்தவர். "இதைத்தான் சொல்லியிருக்கு," என்றார். "இன்னும் ரெண்டு வரி சேர்த்தும் சொல்லலாம். ஆனா இதைத்தான் சொல்லியிருக்கு."

யாரும் கட்சி மாறவில்லை. கீழே இறங்கியதும் டீக்கடையில் பழையபடி கத்திக்கொண்டார்கள். அமெரிக்காவிலேயே யூதக் குடும்பங்களில் மகன் ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமுமாக நிற்பதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதற்கு மட்டும் சாரம் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான்.

என் முறையும் வந்தது. வெளிநாட்டு ஆட்களுக்கு விசா கொடுத்தது போதும், வந்தவர்கள் திரும்பட்டும் என்று ஓர் அமெரிக்கர் எழுதியது. என் மகள் இருப்பது அந்த விசாவில்தான். வேறு யாருக்காவது தள்ளலாமா என்று பார்த்தேன். பாய் சிரித்துக்கொண்டே, "சாவி உங்க கையிலண்ணே," என்றார். எழுந்து சொன்னேன். அவன் ஊரில் ஆலை மூடிவிட்டது, அவன் மகன் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறான், வேலையெல்லாம் வெளியாருக்குப் போகிறது என்று அவன் நினைக்கிறான், நினைக்கிறவனுக்கு இராத்திரி தூக்கம் வராது. ஆலை மூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் அல்லவா? நன்றாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பின் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்:

"அப்ப உங்க பொண்ணு திரும்பி வந்துடுமா?"

ஞாயிறுதோறும் எல்லோருக்கும் டீ சொல்கிறவன், அந்த வாரம் சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தஞ்சாவூரில் ஒரு பதிப்பகத்தார் எங்கள் பட்டியல்களையும் அவற்றுக்கு மாடியில் சொன்ன சாரங்களையும் புத்தகமாகப் போடுகிறார்கள். அமெரிக்காவையும் யூத உலகத்தையும் பற்றித் தமிழர்கள் வாசிக்க வேண்டியவை என்று. அச்சுக்குப் போகும் முன் ஒரு படி வந்தது. முன்னுரை பேராசிரியர். நன்றி சொல்லும் பக்கத்தில் கட்டுரை அனுப்பிய என் மகள் இருக்கிறாள். விவாதத்துக்குச் சூடேற்றிய பாயும் சம்பந்தியும் இருக்கிறார்கள். எழுத்துக் கோத்த அச்சகத்து அம்மாள் இருக்கிறார். எல்லோருக்கும் கீழே, "இடம் அளித்த அன்பருக்கும்" என்று நான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"இடம் குடுத்தவன்னு போட்டிருக்கீங்களே சார்?"

"இடம் நீங்கதானேண்ணே குடுத்தீங்க?"

"இடம் மட்டுமா குடுத்தேன்?"

"டீயும் குடுத்தீங்க."

"டீ என் கடையிலேருந்து வந்துச்சு," என்றார் பாய்.

"முறை வச்சது யாரு? அதைச் சொல்லுங்க."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முறைங்கறது இந்தப் பக்கத்துல காலங்காலமா இருக்கற வழக்கம். வழக்கத்துக்குப் போய் யார் பேரைப் போடறது?"

"ஆறு பொதுதான் சார். மதகு கட்டினவன் பேரைக் கல்லுல வெட்டி வச்சிருக்கான்ல?"

"அப்படிப் பார்த்தா கடைமடைன்னு மொதல்ல சொன்னது நான்," என்றார் பாய்.

சொன்னார். நான் மறுக்கவில்லை. கடைமடையில் தண்ணீர் இல்லை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். மதகைத் திருப்பியது யார்? பாய் பெயரை என் பெயருக்குப் பக்கத்தில் போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. முதல் பதிப்பில் நான் முன்னால், இரண்டாம் பதிப்பில் அவர் முன்னால்.

"இடம் இல்லைண்ணே, பக்கம் கட்டியாச்சு," என்றார் பேராசிரியர். இடம் அளித்தவனிடம் இடம் இல்லை என்கிறார்.

புத்தகம் இன்னும் அச்சேறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அமெரிக்காவைப் படித்தது அவர், இஸ்ரேலைப் படித்தது அவர், எனக்கு வாசிக்கத் தெரியாத இங்கிலீஷையெல்லாம் கண் வலிக்க வாசித்தது அவர். அதில் எனக்கு ஒரு பங்கும் வேண்டாம். ஆனால் அடித்துக்கொள்ள வந்தவர்கள் மாடியில் உட்கார்ந்து கேட்டது நான் வைத்த முறையினால். அந்தப் பக்கத்தில் என்னைக் கடைசியில் நிறுத்தியிருக்கிறார்கள். முறைப்படி கடைசியில் நின்றவனுக்கு அடுத்த தண்ணீர் முதலில். எழுதுவது யார் என்பதற்கும் முறை இருக்கிறது. என் பங்கை ஒப்பாதவர் பேராசிரியர். ஆகவே என் பங்கு என்ன என்று அவர் கையாலேயே எழுத வேண்டும். எழுதியதை மாடியில் எனக்கு வாசித்துக் காட்டட்டும். "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று நான் சொன்ன பிறகு அச்சுக்குப் போகட்டும்.

என் பெயரை நான் இங்கே எங்கேயும் எழுதவில்லை. அது வர வேண்டிய இடம் அந்தப் பக்கம்.