நெய் தொடாத ரொட்டி

1945 நவம்பர் 10, சனிக்கிழமை. கொழும்பு வெள்ளவத்தையில் விடியுமுன் பெய்த மழை விட்டிருந்தது. எழுந்ததும் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி, சவரம் செய்துகொண்டு வந்தேன். அதற்குள் அத்தான் தேங்காயை உடைத்து ஒரு பாதியைத் துருவி முடித்திருந்தார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு ஆளுக்கொரு கோப்பை பால் விடாத வெறுந் தேத்தண்ணீர் குடித்தோம். பிறகு ஆளுக்கு இரண்டு ரொட்டி. சனிக்கிழமை அரைநாள் வேலை என்பதால் மதியத்துக்கு எதையும் இலையில் சுற்றவில்லை. கடலோர ரயிலில் கோட்டைவரை சேர்ந்து போனோம். அங்கிருந்து அவர் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பக்கம் நடந்தார், நான் என் அரசாங்கக் கந்தோருக்கு வேலைக்குப் போனேன். மூன்றரை வருடமாக எங்கள் காலைகள் இப்படித்தான் தொடங்கின. ஒரு நாளை மற்ற நாளிலிருந்து பிரித்துச் சொல்ல மழையையும் வெயிலையும் தவிர வேறு அடையாளம் இருக்கவில்லை.

அத்தான் என் மூத்த அக்காவின் கணவர். அக்கா, மகனுக்கு ஐந்து வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்டாள். அத்தான் மறுமணம் செய்யவில்லை. கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு எடுத்த அறையில் மகனைத் தானே சமைத்துக் கொடுத்து வளர்த்தார். புதுக்கடையில் நொத்தாரிசு ஒருவரிடம் காணி உறுதிகள், அதாவது நிலப் பத்திரங்கள், எழுதுவது அவருடைய தொழில். வடக்கு எல்லை, தெற்கு எல்லை, வேலி யாருக்கு, கிணற்றில் யாருக்குப் பங்கு என்பவற்றில் ஒரு சொல் நழுவினாலும் மூன்று தலைமுறை வழக்காடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் வீட்டில் பேசும்போதும் நிறுத்தி, யோசித்து, நிபந்தனையோடுதான் பேசுவார். "நாளைக்கு வாறன்" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "மழை இல்லாட்டில், ரயில் ஓடினால், நாளைக்கு வாறன்" என்பார்.

மகன் இருபத்திரண்டு வயதில் மலாயாவுக்குப் போனான். ரயில்வேயில் எழுதுவினைஞர் வேலை. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் அப்படிப் போனார்கள். மாதம் ஒரு கடிதம் வந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது, கடிதம் நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை அத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் உள்ள அம்மன் கோயிலுக்குப் போனார். கண்ணை மூடி நெடுநேரம் நின்றார், உதடு மட்டும் அசைந்தது. வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் சொன்னார். பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் ஐந்தையும் விட்டுவிட்டாராம்.

"எவ்வளவு காலத்துக்கு அத்தான்?"

"அவன் வந்து என்ர முன்னுக்கு இருந்து சாப்பிடுற நாள்மட்டும்."

அவர் தேர்ந்த பொருட்களை நினைத்து எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. தயிர் இல்லாமல் சோறு இறங்காத மனிதர் அவர். காலையில் பால்தேத்தண்ணீர் குடிக்காமல் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவும் மாட்டார். மகன் மலாயா போகும்வரை அதை அவன்தான் போட்டுக் கொடுத்தான். மறுகிழமை அவருடைய அறைக்குப் போனபோது, வழக்கமாகப் பேக்கரியில் வாங்கும் பாணும் இல்லை என்று கண்டேன்.

"என்ன அத்தான், பாணையும் விட்டிட்டியளோ?"

"பாணுக்குக் கள்ளு விட்டல்லோ மாவைப் பொங்க வைக்கிறவங்கள். விரதத்தோட கள்ளு சரிவராது."

"இவ்வளவு காலமும் சாப்பிட்டனீங்கள்தானே?"

"அப்ப எனக்கு ஒண்டும் தேவைப்படேல்லை, மச்சான்."

ஏப்ரலில் கொழும்பில் குண்டு விழுந்தது. கிடைத்த ரயிலில் நகரத்தில் பாதி ஊருக்கு ஓடியது. நானும் மனைவியையும் பெண் பிள்ளைகள் இருவரையும் யாழ்ப்பாணம் அனுப்பினேன். அரசாங்க வேலை, நான் போக முடியாது. துறைமுகத்துக்கு அருகே தனியே இருக்க வேண்டாம் என்று அத்தானை வெள்ளவத்தைக்கு அழைத்தேன். ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு இரும்புத் தோசைக்கல்லோடும் வந்து சேர்ந்தார்.

அரிசி பங்கீட்டுக்கு வந்து, கோதுமை மாதான் தாராளமாகக் கிடைத்தது. அவருக்குப் பாண் ஆகாது என்பதால் ரொட்டி சுடுவதென்று தீர்மானித்தோம். முதல் நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. என் மனைவி புறப்படுமுன் எங்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, இருந்த மா முழுவதையும் அவித்து, அரித்து, பெரிய டின்னில் நிரப்பி வைத்திருந்தாள். எங்கள் வீடுகளில் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் மா அப்படித்தான் இருக்கும். நாங்கள் இருவரும் அந்த டின்னிலிருந்து மா எடுத்து, தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டு, தண்ணீர் விட்டுப் பிசைந்தோம். பிசையப் பிசைய அது உதிர்ந்தது. தண்ணீர் கூட்டினால் சேறானது. ஒருவாறு தட்டிக் கல்லில் போட்டால் கரை வெடித்து, நடு வெடித்து, திருப்பும்போது துண்டு துண்டானது.

"தண்ணி காணாது."

"தண்ணி கூடிப்போச்சு அத்தான்!"

எங்கள் சத்தம் மதிலைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, டின்னைக் காட்டச் சொன்னார். ஒரு சிட்டிகை மாவை விரலில் தேய்த்தார்.

"அல்லாவே! இது புட்டு மாவு சேர். அவிச்ச மாவுல ரொட்டி தட்ட ஏலுமா? பச்ச மா எடுங்க."

அவர் சிரிப்பு மதிலுக்கு அப்பால் போய் அடங்கும்வரை நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. "கேட்டீரோ? அப்பீலிலையும் தோத்தாச்சு" என்று சொல்லிவிட்டு அத்தான் அந்த உதிரிகளைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டார்.

பிறகு பழகிவிட்டது. பச்சை மாவை அரித்து, வண்டு நீக்கி, மா இரண்டு பங்குக்குத் தேங்காய்ப்பூ ஒரு பங்கு. அரிந்த சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து, உப்புக் கரைத்த தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துக் குழைக்க வேண்டும். மா கையை விட்டு விலகியதும் ஈரத்துணியால் மூடி, குளித்துவிட்டு வரும்வரை அதை விட்டுவிட வேண்டும். அந்த ஓய்வு இல்லாவிட்டால் ரொட்டி தோலாகிவிடும். வாழையிலையில் வைத்து விரல்நுனியால் விளிம்புவரை தட்டி, காய்ந்த கல்லில் இலையோடு கவிழ்த்து, இலையை உரித்தெடுக்க வேண்டும். கல்லுக்கு எண்ணெய் தடவ மாட்டோம். தேங்காய்ப்பூவில் உள்ள எண்ணெயே சூட்டில் கசிந்து ரொட்டியைக் கல்லிலிருந்து விடுவிக்கும். இரண்டு பக்கமும் புள்ளி விழுந்ததும் ஒரு கணம் தணலில் காட்டினால் கரை கருகி, வீடு முழுவதும் வறுத்த தேங்காய் மணக்கும். தொட்டுக்கொள்ள மாசிக் கருவாடு போடாத தேங்காய்ச் சம்பல். இதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அத்தான் முதல் விள்ளலை வாயில் வைக்கும்போது கை தட்டின் வலது பக்கம் ஒருமுறை போய் வரும். முன்பு வெண்ணெய்க் கிண்ணம் இருந்த இடம் அது.

நான் எந்த நேர்த்திக்கடனும் வைக்கவில்லை. வெளியே கடைகளில் பால்தேத்தண்ணீர் குடித்தேன். வீட்டுக்குப் பால் வாங்கும் மனம் வரவில்லை, அவ்வளவுதான். மாலையில் இருவரும் முன்கதவைத் திறந்து வைத்து அமர்ந்திருப்போம். ஒழுங்கையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ரயில் போகும் சத்தமும், அது போனபின் கடலின் சத்தமும் கேட்கும். மகனைப் பற்றி அவர் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. ஒருமுறை மட்டும், "அங்க தேங்காய் இருக்குத்தானே?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். தலையாட்டினார். அவர் மெலிந்துகொண்டே போனார். மருந்து கொடுத்த டாக்டர் பால் குடிக்கச் சொன்னபோது, "ஒரு ஆள் வரவேணும், வந்தாப்பிறகு குடிப்பன்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார்.

அந்த நவம்பர்ச் சனிக்கிழமை மாலை நான்கு மணியளவில் படலையில் ஒருவர் நின்றார். முப்பது வயது இருக்கும். உடம்புக்கு இரண்டு மடங்கு பெரிய பட்டாளத்துச் சட்டை, தோளில் ஒரு பை. கப்பலில் மலாயாவிலிருந்து வந்து இறங்கியவர், அன்றிரவு மெயில் ரயிலில் ஊருக்குப் போகிறார். கொட்டாஞ்சேனையில் விசாரித்து இங்கே வந்திருக்கிறார். படலையைத் திறக்குமுன்பே சொல்லிவிட்டார்:

"மகன் சுகமா இருக்கிறார் ஐயா. நானும் அவரும் ஒரே கந்தோர்."

அத்தான் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தார். பிறகு எழுந்து, வந்தவரிடம் ஒன்றும் கேட்காமல், அடுப்படிக்குப் போய் மாவை எடுத்தார். வந்தவரைப் பசியோடு வைத்துக்கொண்டு எதையும் கேட்க அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் நினைத்தேன். கேட்கப் பயந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

வந்தவர் ஐந்து ரொட்டி சாப்பிட்டார். "மூண்டு வருசம் மரவள்ளிக்கிழங்குதான் ஐயா. கிழங்கைக் கண்டால் இப்ப காலால எத்துவன்" என்றார். சாப்பாடு முடிந்து கை கழுவியபின் அத்தான் கேட்டார்:

"எப்ப வாறானாம்?"

வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"யப்பான்காரர் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிச்சவங்கள் ஐயா. எங்களிலை கனபேர் போனவை. திரும்பி வந்தது கொஞ்சம். உங்கட மகனை ஒரு சீனக் குடும்பம் வீட்டிலை ஒளிச்சு வைச்சிருந்தது. அதுக்காக அந்த வீட்டுப் பெடியனைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். அவன் வரேல்லை."

ரயில் ஒன்று போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தார்.

"அந்த வீட்டுப் பெண்பிள்ளையைத்தான் உங்கட மகன் கலியாணம் முடிச்சிருக்கிறார். ஒரு ஆண்பிள்ளை, இரண்டு வயசு. கிழடுகள் இரண்டுக்கும் இனி இவர்தான் மகன். 'ஐயாட்டைச் சொல்லு, அவையை விட்டிட்டு வர ஏலாது, ஐயாவுக்கு விளங்கும்' எண்டு சொன்னவர்."

அத்தான் பேரனுடைய பெயரைக் கேட்டார். வந்தவர் சொன்னார். அத்தான் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், இரண்டு தரமும் பிழையாக வந்தது. "நல்ல பேர்" என்றார்.

புறப்படும்போது வந்தவர் பைக்குள் கைவிட்டு, நசுங்கிய டின் ஒன்றை எடுத்தார். பட்டாளக் கடையில் வாங்கிய, சீனி சேர்த்த டின்பால். "ஐயாவுக்குப் பால்தேத்தண்ணி இல்லாமல் விடியாதாம். எங்கையோ தேடி வாங்கித் தந்துவிட்டவர்." அத்தான் அதை இரண்டு கையாலும் வாங்கினார். நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

வந்தவரைப் படலைவரை விட்டுவிட்டு வந்து நான் பொறுக்க முடியாமல் சொன்னேன்:

"அத்தான், பிள்ளை உயிரோட இருக்கிறான். நேர்த்தி முடிஞ்சுது. இனிப் பால் குடியுங்கோ."

"நான் உயிரைக் கேக்கேல்லை மச்சான். உயிர் இருக்குத்தானே எண்டு நினைச்சு, வந்து சாப்பிடுறதைக் கேட்டன். வாழ்நாள் முழுக்க உறுதி எழுதினவன், முக்கியமானதை எழுத மறந்துபோனன். அதை அம்மன் கேக்காமலே தந்திட்டா. நான் எழுதினது அப்பிடியே நிக்குது."

"அப்ப கோயிலுக்குப் போய் அதை மாத்துங்கோ."

"ஒருபக்கம் மட்டும் கையெழுத்து வைச்சு உறுதியை மாத்த ஏலுமோ? விசர்க் கதை கதையாதையும்." லேசாகச் சிரித்தார். பிறகு, "அவனிலை பிழை இல்லை. அந்தச் சனத்தை விட்டிட்டு வந்திருந்தால் நான்தான் வாசலிலை வைச்சு ஏசியிருப்பன்" என்றார்.

அதன் பிறகு அத்தான் ஆறு வருடம் இருந்தார். யுத்தம் முடிந்திருந்ததால் என் குடும்பம் திரும்பி வந்தது, வீட்டில் பிள்ளைகளின் சத்தம் நிறைந்தது, மாட்டுப்பாலும் தயிரும் வந்தன. அவர் மட்டும் தன் தோசைக்கல்லில் தன் ரொட்டியைச் சுட்டார். அவருடைய மகன் ஒழுங்காகக் கடிதம் எழுதினான். வரவில்லை. இப்போது பேக்கரிகளில் கள்ளு விடுவதில்லை, ஏதோ தூள் போடுகிறார்கள் என்று சொல்கிறார்கள். என் மனைவி வெண்ணெய் பூசிப் பாண் தருகிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் தேங்காய் துருவும் சத்தம் மட்டும் இல்லை. நான் தனியாக ஒருமுறை ரொட்டி சுட்டுப் பார்த்தேன். சரியாகவே வந்தது. சாப்பிட்டு முடிக்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் ஞாயிறு. நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போகப் புறப்பட்டபோது அடுப்படியில் தகரத்தைக் குத்தும் சத்தம் கேட்டது. அத்தான் டின்னில் துளையிட்டு, ஒரே ஒரு கோப்பையில் பாலை ஊற்றிக் கொதித்த தேயிலைச் சாயத்தை விட்டு ஆற்றிக்கொண்டிருந்தார். கோப்பையை எனக்கு முன்னால் வைத்தார்.

"முகம் கழுவேல்லை அத்தான்."

"பிறகு கழுவலாம். முதல் இதைக் குடியும். அவன் தேடித் தந்துவிட்டது, வீணாகக் கூடாது."

எனக்கு எதிரே வெறுங்கையோடு அமர்ந்தார். நான் குடித்தேன். ஒவ்வொரு மிடறையும் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பை காலியானதும் கேட்டார்:

"எப்பிடி இருக்கு?"

"நல்லாயிருக்கு. இனிப்புத்தான் கொஞ்சம் கூட."

"ஓம்," என்றார் அத்தான். "அவன் எப்பவும் கூடத்தான் போடுவான்."