ஸ்கேன் அறையில் துணைக்கு ஒருவர்

மாற்றுத்திறனாளிகளுக்கு மருத்துவ உதவியிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை தரப்பட வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் இருபத்தைந்தாம் பிரிவு. பணிக்காலம் முழுவதும் கோப்பு பார்த்தவன் நான். இதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்கள் அன்புத் தங்கை காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார். அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாகச் சொல்லி, சேர்ந்த இரண்டே மாதத்தில் பள்ளி அவரை வீட்டுக்கு அனுப்பியது. அத்தனை விரைவாக வேறெந்த நிறுவனமும் அவர் விஷயத்தில் முடிவெடுத்ததில்லை. நாற்பது ஆண்டுகள் எங்கள் தறிக்கு ராட்டையில் தார், அதாவது ஊடை நூல் குச்சிகள், சுற்றிக் கொடுத்தார். தெருவில் எந்தக் குழந்தை பிறந்தாலும் முதலில் போய்ப் பார்த்து, தானாக ஒரு பெயரும் வைத்துவிட்டு வருவார்.

ஒரு நாள் இடது கையால் ராட்டையைச் சுற்றத் தொடங்கினார். நூல் தளர்ந்தது. நாங்கள் ராட்டையைப் பழுது பார்த்தோம். அதன் கதிர்க் கம்பியை மாற்றினோம், எண்ணெய் விட்டோம். நான்கு மாதம் கழித்து, ஒரு திருமணத்துக்குப் புடவை கட்டிவிடும்போதுதான் அவருடைய வலது மார்பில் கட்டி இருப்பதை என் மனைவி கண்டார். இந்தத் தவறு எங்களுடையது; இதற்கு எந்த அலுவலகத்தையும் குறை சொல்ல முடியாது.

ஸ்கேன் அறைக்குள் நோயாளி மட்டுமே போகலாம் என்பது மருத்துவமனையின் விதி. தனியாகப் போக மறுத்த தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். 'ஒத்துழைக்கவில்லை' என்று சீட்டில் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். மூன்று முறை. அவரைப் போன்றவர்கள் துணையுடன் உள்ளே போகவும், காத்திராமல் அழைக்கப்படவும் அனுமதி கோரி மனு கொடுத்தேன். ஐந்து நினைவூட்டல்களும் அனுப்பினேன்.

நான்காம் முறை என் மனைவியும் உடன் வந்தார். அன்று பணியில் இருந்த செவிலியர் தங்கையிடம், "எங்கமா வலிக்குது?" என்றார்.

"அவளுக்குச் சொல்லத் தெரியாதும்மா" என்றேன்.

"உங்களையா கேட்டேன் சார்? செத்த சும்மா இருங்க."

தங்கை மார்பைத் தொட்டுக் காட்டினார். "இங்க. ராட்ட சுத்தினா வலிக்குது. அண்ணன் கேக்கவே இல்ல."

செவிலியர் தாமே ஸ்கேன் படுக்கையில் ஏறிப் படுத்துக் காட்டினார். "பாத்தியாமா, ஒண்ணும் கடிக்கல. இப்ப நீ படு. அண்ணி பக்கத்துலயே நிப்பாங்க."

விதி மீறப்பட்டது, படம் எடுக்கப்பட்டது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அதற்குள் நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. ஏழு மாதம் இருந்தார். அந்த ஏழு மாதமும் ஊசி எந்தக் கையில், கஞ்சி எப்போது என்று அவரிடமே கேட்டோம். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். வீட்டிலேயே, என் மனைவியின் கையைப் பிடித்தபடி காலமானார்.

இந்த முதலாண்டு நினைவு நாளில், முறைவைத்துச் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும், மருத்துவமனைக்கு ஆட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் நன்றி. அந்தச் செவிலியருக்கும் நன்றி. பெயரைப் போட்டால் அவரிடம் விளக்கம் கேட்பார்கள் என்பதால் போடவில்லை.

மனுவுக்குப் பதில் வந்தது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையவர்கள் இனி ஒரு துணையுடன் ஸ்கேன் அறைக்குள் வரலாம், காக்க வைக்கப்பட மாட்டார்கள் என்கிறது. அதன் நகலை இந்த நினைவு மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். தேவைப்படுவோர் கிழித்து எடுத்துச் செல்லலாம். பதில் கிடைத்தது, தங்கையின் பதினாறாம் நாள் காரியத்தன்று.