காற்றில் போன ‘ஸ’ வரிசைப் பாட்டுகள்

கல்ஃபில் கொத்து வேலை, குழாய் வேலை, டிரைவர் வேலை எல்லாம் எல்லோருக்கும் தெரியும். பாட்டுக்கு நம்பர் அடிக்கிற டியூட்டி என்று ஒன்று உண்டென்றால் அறந்தாங்கியில் என் மச்சினன்கூட நம்ப மாட்டேன் என்கிறான். கேம்ப் சோறு தின்ற நீங்கள் நம்புவீர்கள். விசாவில் ஒரு வேலை, கையில் ஒரு வேலை என்பது நமக்குப் புதிதா என்ன?

ரிமோட் கைக்கு வந்த கதை

சவூதியில் ஜுபைலில் ஒரு ஜப்பான் கம்பெனியின் கேம்ப். நான் போனது க்ளீனராக. இன்ஜினியர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும் ஹாலில் பழைய கரோக்கி மிஷின் ஒன்று இருந்தது. பாட்டின் நம்பரை ரிமோட்டில் அடித்தால் இசை வரும், திரையில் வரிகள் ஓடும், பாடுவது அவரவர் பொறுப்பு. முடிந்ததும் மிஷின் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். போனில் இல்லாத பாட்டா என்று கேட்பீர்கள். போன் மார்க் போடாதே. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர்கள் ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஒருநாள் தரை துடைத்துக்கொண்டிருந்த என்னை ஒகாதா என்கிற மூத்த இன்ஜினியர் கூப்பிட்டு, கண்ணாடியை ரூமில் வைத்துவிட்டேன், இந்த நம்பரைக் கொஞ்சம் அடி என்றார். அடித்தேன். அன்றிலிருந்து சாயங்காலமானால் எனக்கு அதுதான் டியூட்டி. பெயர் கேட்டார். முருகேசன் என்றேன். அவர்கள் ஊரில் மரியாதைக்குப் பெயரின் கடைசியில் ‘சான்’ சேர்ப்பார்களாம். அவர் பாதி இங்கிலீஷிலும் பாதி இந்தியிலும் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “உங்கள் அப்பா முன்யோசனைக்காரர். பெயரிலேயே மரியாதையைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார்.”

அவர்கள் படித்த பள்ளிக்கூடம்

பாட்டுகளின் பட்டியல் ஒரு தடியான ரிங் ஃபைலில் இருந்தது. பாட்டு எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அந்த எழுத்தின் கீழே தலைப்பும் நம்பரும். எனக்கு ஜப்பான் எழுத்தெல்லாம் கோழி கிளறின மாதிரிதான். ஒகாதா பொறுமையாக ஒவ்வொரு பிரிவையும் திருப்பி வாய்விட்டுச் சொன்னார்: அ, க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்றாம் வகுப்பில் நாம் படித்த வரிசை. நடுவில் சில எழுத்துகள் இல்லை, ‘ச’ இடத்தில் ‘ஸ’வும் ‘ப’ இடத்தில் ‘ஹ’வும் உட்கார்ந்திருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒவ்வொரு பிரிவின் ஓரத்திலும் டேப் ஒட்டித் தமிழில் எழுத்தைப் போட்டேன். அதற்கப்புறம் அவர்கள் பாட்டின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சரியான பக்கத்தை விரித்து நீட்டினேன். ரூமுக்கு வந்து செல்வத்திடம் இதைச் சொன்னேன். செல்வம் சாரம் கட்டுகிறவன், புதுக்கோட்டைக்காரன், எதற்கும் அசந்து போகாத ஆள். கேட்டுவிட்டுச் சொன்னான்: “அப்ப இவனுகளும் நம்ம வாத்தியார்ட்டதான் அடி வாங்கியிருக்கானுக மாப்ள.”

ரப்பர் செருப்பு

ப்ராஜெக்ட் முடிகிற நேரம் வந்தது. கம்பெனிக்கு அடுத்த ப்ராஜெக்ட் அபுதாபிப் பக்கம் ருவைஸில். கேம்ப் ஆட்களில் யாரைக் கூட்டிப்போவது என்று முடிவு செய்கிறவர் மேனேஜர் மொரியாமா. லிஸ்டில் பெயர் இல்லாதவனுக்கு ஃபைனல் எக்ஸிட், விசாவை முடித்து ஒரேயடியாக ஊருக்கு. என் மகள் நர்சிங் முதல் வருடம் சேர்ந்திருந்தாள். எனக்கு எப்படித் தூக்கம் வந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சமயம் பார்த்து யாரோ ஃபைலில் டீயைக் கொட்டிவிட்டார்கள். நான் என்ன செய்தேன்? வற்றல் போட்டுப் பழகின புத்தி, தாள்களை உருவி போர்ட்டா கேபினுக்குப் பின்னால் வெயிலில் பரப்பினேன். ஒவ்வொரு கட்டின்மேலும் ஒரு சேஃப்டி ஷூவை வைத்தேன். அதிகம் நனைந்திருந்த ‘ஸ’வைக் கடைசியாகப் பரப்பினேன், அதற்குள் ஷூ தீர்ந்துவிட்டது. என் ரப்பர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் கேன் இறக்கப் போனேன். வந்த மணல்காற்றில் செருப்பு நான்கு கஜம் தள்ளிக் கிடந்தது, ‘ஸ’ முழுவதும் வேலிக்கு அப்பால் பிளாண்ட் பக்கம் பறந்துவிட்டது. அங்கே போக எனக்குப் பாஸ் கிடையாது.

போனது வேறு எழுத்தாக இருந்தால் சமாளித்திருப்பேன். இரண்டு வாரத்தில் பிரிவு உபசாரம். அவர்கள் ஊர் செர்ரிப் பூவுக்கு ஸகுரா என்று பெயர், போய் வருகிறேன் என்பதற்கு ஸயோனரா. அன்றைக்குப் பாடுகிற பாட்டில் முக்கால்வாசி அந்தப் பக்கங்களில்தான் இருந்தது. ஒரிஜினல் புத்தகமும் கிடையாது, இருந்த ஒரே நகல் இதுதான். செல்வத்திடம் சொன்னேன். அவன் ஆறுதல் சொல்லும் விதமே தனி: “பேசாம மொத்த ஃபைலையும் பறக்க விட்ருக்கலாம் மாப்ள, காத்து மேல பழியப் போட்ருக்கலாம்.”

மிச்சம் இருக்கும் நம்பர்கள்

இரண்டு நாள் மறைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஒகாதாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் ஒன்றிலிருந்து நம்பர்களை வரிசையாக எழுதச் சொன்னார். கையிலிருக்கிற பக்கங்களில் வருகிற நம்பர்களை எல்லாம் அடித்துவிடு, அடிபடாமல் மிஞ்சுவதுதான் உன் ‘ஸ’ என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல் இருந்தது. மூன்று மத்தியானம் உட்கார்ந்து அடித்தேன்.

மிஞ்சின நம்பர்களை மிஷினில் போட்டால் தலைப்பு திரையில் வரும்; அதை ஜப்பான் எழுத்தில் எழுத ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒகாதா நான்கு பேரைக் கூட்டிவந்தார். ஒரு தலைப்பை ஒருவர் எழுதுவது என்று பேச்சு. ஆனால் பாட்டு ஆரம்பித்தால் யாருக்கும் நிறுத்த மனசு வரவில்லை. எந்த வருஷத்துப் பாட்டு என்று ஒரு சண்டை, இரண்டாவது அடி யாருக்குத் தெரியும் என்று ஒரு பந்தயம். சத்தம் கேட்டு இன்னும் ஆட்கள் வந்தார்கள். வேலைத்தலத்தில் ஒருவருக்கொருவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறவர்கள் ஒரே மேஜையில் பேனாவுக்கு அடித்துக்கொண்டார்கள்.

பைப்பிங் மேனேஜர் கினோஷிதா மட்டும் வழக்கம்போல மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு நம்பரை அடித்து, தலைப்பு வந்ததும் நான் நிறுத்தப் போனேன். கையைக் காட்டித் தடுத்தார். எழுந்து வந்து ஊருக்குப் போன் போட்டு, போனை ஸ்பீக்கர் பக்கம் பிடித்தார். போனில் அவர் மனைவி கூடவே பாட ஆரம்பித்தார். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். பாட்டு முடிந்ததும் அந்தத் தலைப்பை அழகாக எழுதிக்கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்: “நாளைக்கு எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறீர்கள்?”

மொரியாமா ஃபைலைத் திறந்தார்

பிரிவு உபசாரத்தன்று முதல் பாட்டு மொரியாமாவினுடையது. ஃபைலை என்னிடம் கேட்காமல் தானே எடுத்துப் பிரித்தார். மற்ற பக்கமெல்லாம் அச்சு. ‘ஸ’ மட்டும் விதவிதமான கையெழுத்து. ஒவ்வொரு வரியாகப் படித்தார், எது யார் கை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். யார் தொலைத்தது என்று கேட்டார். ஒகாதா வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்று, நான்தான், என் தப்புதான் என்றேன். மகள் முகம் கண்முன்னால் வந்து போனது.

அவர் பையிலிருந்து ருவைஸ் லிஸ்டை எடுத்தார். மேஜையில் வைத்து எதையோ எழுதினார். பிறகு ஹாலைச் சுற்றிப் பார்த்தார். கினோஷிதா அன்றைக்கு நான்கு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மொரியாமா பேனாவை மூடிவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “முருகேசன், ருவைஸ் வந்ததும் ‘ஹ’ வரிசையையும் தொலைத்துவிடுங்கள். இவர்கள் அங்கேயும் ஒரே மேஜையில் உட்காரட்டும்.”

கல்ஃபில் ஒழுங்காக வேலை செய்து வீட்டுக்குப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், காயப்போட்டதைப் பறக்கவிட்டு அடுத்த விசா வாங்கினவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.