தலை முன்னே, கால் பின்னே

என்னை டோலியில் தூக்க வந்தவர்கள் நான்கு பேர்: அப்பா, மாமா, பங்காளிகள் இருவர். ஜீப்பும் வரவில்லை, டாக்டரும் வரவில்லை. ஜீப் காலையிலேயே புளி ஏற்றிக்கொண்டு, மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து கீழே போய்விட்டது. டாக்டர் எங்கள் ஊருக்கு வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

இரண்டு நாளாகத் தொப்புளைச் சுற்றியிருந்த வலி வலது அடிவயிற்றில் இறங்கி நின்றது. காய்ச்சல், வாந்தி. களி சேரவில்லை என்று முடிவு கட்டி விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். உங்களில் யாருக்காவது இப்படி வலித்தால் அதைக் குடிக்காதீர்கள். எனக்கு வந்தது குடல்வால் அழற்சி (பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்கும் சிறு வால் வீங்கிச் சீழ் பிடிப்பது). எண்ணெய் குடித்த மறுநாள் அது உடைந்தது.

கம்பளியை மூங்கிலில் கட்டி என்னைக் கிடத்தினார்கள். காலை முன்னே விட்டு இறக்கினால் தலை மேலாக இருக்கும். ஆனால் எங்களிடம் கால் முன்னே போவது பிணம். ஆகவே அந்தச் செங்குத்து இறக்கம் முழுவதும் என் தலை பள்ளத்தைப் பார்த்தது, கால் வானத்தைப் பார்த்தது.

“ரத்தம் தலைக்கு ஏறுது மாமா.”

“ஏறட்டும்டா. உசுரு மேல ஏறாம இருந்தா போதும்.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. செரிமான மண்டலத்தைப் படம் வரைந்து பாகம் குறிப்பேன். திருப்பித் தூக்குங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, எனக்கும் பயம். அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்குச் சொல்லித்தந்தும் பயன் இல்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் வயிற்றை அழுத்திவிட்டு, எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்.

“காலு முன்னாடி போனா பொணமுங்க,” என்றார் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு.

“தலை முன்னாடி வந்தும் அதான் ஆவப் பாத்தான். தலை கீழா வந்ததுல சீழ் மேல் வயிறு வரைக்கும் ஏறிடுச்சு.”

அறுவை முடிந்த நான்காம் நாள் கட்டுப் பிரிக்கத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள், கால் முன்னே. அப்பா ஓடிவந்து வண்டியை மறித்தார். திருப்பினால்தான் விடுவேன் என்றார்.

“யோவ், அப்ப இங்க படுத்துனு போறவங்க எல்லாம் பொணமா?” என்றாள் வண்டி தள்ளிய ஆயா. வண்டியிலிருந்தபடி நான் சிரித்துவிட்டேன். இரண்டு தையல் பிரிந்து புண் சீழ் கோத்தது. இவ்வளவு அபத்தத்தையும் தாங்கிய வயிறு ஒரு சிரிப்பைத் தாங்கவில்லை.

இன்றும் சிரிக்குமுன் என் கை தானாக வயிற்றுக்குப் போகிறது. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களின் கிழமைகள் என் நினைவில் இல்லை. கட்டு மாற்றிய நாள், மாற்றாத நாள் என்றுதான் அந்தக் காலம் நினைவிருக்கிறது. மொத்தத்தில் எங்களுக்கு ஆன செலவு: ஐம்பத்திரண்டு நாள், என் பரீட்சை, அப்பாவின் ஏர் மாடு இரண்டு.