வேனுக்கு சீல் மாற்றிய காலாண்டு விடுமுறை

காலை ஏழேகால் மணிக்கு எங்கள் முற்றத்தில் எழும் நீலப்புகை முதலில் தொண்டையில்தான் தெரியும். கசப்பும் கொஞ்சம் தித்திப்புமாக இறங்கி, ஆற்றி வைத்த சாயாவிலும் பின்னிப் போட்ட தலைமுடியிலும் பள்ளிச் சீருடையிலும் ஏறிக்கொண்டு, முதல் பாடவேளை முடியும்வரை போகாது. அம்மா பெட்ரோல் வேனைக் கிளப்பும் நேரம் அது. சுசீந்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பதினொரு பிள்ளைகளை ஏற்றி டவுன் பள்ளிக்கூடத்தில் விட்டு, மாலையில் திரும்பக் கொண்டுவிடுவது அவள் வேலை. அப்பா ஷார்ஜாவில் ஒரு வர்க் ஷாப்பில் மெக்கானிக். அவர் ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

எனக்கு அப்போது பதிமூன்று வயது. ஓரிடத்தில் கால் நிற்காது. சோறு தின்னும்போதே எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். யாரையோ எதிர்பார்ப்பது போல இருக்கும், யாரும் வரவேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இதற்கு "வெப்ராளம்" என்று பெயர். "வெப்ராளம் புடிச்சவ வெந்த கிழங்கத் தின்னமாட்டா" என்பாள் அம்மா.

அந்த வருடம் புகை கூடியது. பிள்ளைகள் இருமுவதாகத் தாய்மார்கள் சொல்லத் தொடங்கினார்கள். காலாண்டுப் பரீட்சை முடிந்த அன்று, மூன்று பிள்ளைகளை எங்கள் வேனில் அனுப்புகிற ஒரு வீட்டில், விடுமுறை கழிந்து இப்படியே வந்தால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று அம்மாவின் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார்கள். டவுன் மெக்கானிக் எஞ்சினைப் பிரிக்க வேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்றார். விடுமுறையோ ஒன்பது நாள்தான்.

அப்பா போனில் எல்லாவற்றையும் கேட்டார். காலையில் முதல் தடவை கிளப்பும்போதுதானே புகை மொத்தமாக வருகிறது, ஓட ஓடக் குறைகிறதுதானே என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, அப்படியானால் எஞ்சினில் கோளாறு இல்லை, வால்வுத் தண்டுகளைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல்கள்தான் இறுகிப்போயிருக்கின்றன, ராத்திரி முழுக்க எண்ணெய் அதன் வழியே கீழே கசிந்து காலையில் எரிகிறது என்றார். எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றாமல் வீட்டிலேயே மாற்றலாம், நான் சொல்லித் தருகிறேன் என்றார். அம்மா மணக்குடியில் வலைக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். சரி என்று சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை காலை, எஞ்சினை மூடியிருக்கும் முன் சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு, மழைக்காக மேலே தார்ப்பாய் கட்டி, ஸ்பீக்கரில் போட்ட போனை ஸ்டியரிங் மேல் சாய்த்து வைத்து வேலையைத் தொடங்கினோம். வால்வின் ஸ்பிரிங்கை அவிழ்த்தால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடும். விழுந்தால் பிறகு எஞ்சினைப் பிரித்தேதான் ஆகவேண்டும். அதற்கு அப்பா சொன்ன வழி கயிறு. மாமாவின் வள்ளத்திலிருந்து வாங்கி வந்த நைலான் கயிற்றை ஸ்பார்க் பிளக் துளை வழியாக முழம் முழமாக உள்ளே செலுத்தி, எஞ்சினைக் கையால் திருப்பினால், பிஸ்டன் மேலே ஏறிக் கயிற்றுச் சுருளை அழுத்தும். கயிறு வால்வுகளைக் கீழே விடாமல் தாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கை அமுக்க, பக்கத்தில் ஜன்னல் போல வெட்டிய ஒரு இரும்புக் குழாய்த் துண்டு. அதன்மேல் கடப்பாரை, கடப்பாரையின் நுனி சீட்டுச் சட்டத்துக்கு அடியில், மறுமுனையில் நான். நான் அமுக்கும்போது, புருவம் திருத்தும் சின்ன இடுக்கியால் அம்மா அந்த ஜன்னல் வழியே, ஸ்பிரிங்கை வால்வில் பிடித்துவைத்திருக்கும் பூட்டுகளை எடுப்பாள். ஒரு வால்வுக்கு இரண்டு பூட்டு, நெல்மணியைவிடச் சற்றுப் பெரியவை. ஆறு வால்வுக்குப் பன்னிரண்டு.

திங்களன்று ஒரு வால்வுதான் முடிந்தது. பழைய சீல் கையில் எடுத்ததும் மொறுமொறுவென்று உடைந்தது. புதியதை எண்ணெயில் தோய்த்து, தண்ணீர்க் குழாய்த் துண்டை மேலே வைத்துத் தட்டி அம்மா இறக்கினாள். அப்பா ஒவ்வொரு படியிலும் காத்திருந்தார். நாங்கள் சாயா குடித்துவிட்டு வந்தாலும் மறுமுனையில் இருந்தார். மற்ற நாட்களில் ஐந்து நிமிடத்துக்குமேல் பேசாத மனிதர் அவர்.

செவ்வாய்க்கிழமை நான்காவது வால்வில், எங்கோ ஒரு வண்டிச் சத்தம் கேட்டு நான் திரும்பினேன். கடப்பாரை வழுக்கியது. ஸ்பிரிங் துள்ளியது, பூட்டு ஒன்றைக் காணவில்லை. துளைகளையெல்லாம் அம்மா துணி வைத்து அடைத்திருந்தாலும், உள்ளே விழுந்திருக்குமோ என்று நான் எட்டி எட்டிப் பார்த்தேன். அம்மா திட்டவில்லை, தேடத் தொடங்கினாள். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் கட்டி எஞ்சின் இடுக்கெல்லாம் துழாவினாள். நான் மண்ணைச் சல்லடை போட்டுச் சலித்தேன். அரை மணி நேரம் தேடினோம். போனிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அப்போது அம்மா நிமிர்ந்து போனைப் பார்த்தாள்.

"இண்ணைக்கு செவ்வாக்கெழமல்லா," என்றாள். "வர்க் ஷாப்புல ஒரு சத்தமும் கேக்கல்லியே."

அப்பா முதலில், பூட்டு கிடைத்ததா என்று கேட்டார். பிறகு சொன்னார்: "கடைய பூட்டியாச்சு ஜெசி. ரெண்டு மாசம் ஆவுது."

ஒரு நண்பரின் அறையில் இருப்பதாகவும், வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பதாகவும், கிடைத்தபிறகு சொல்லலாம் என்றிருந்ததாகவும் மெதுவாகச் சொன்னார். வெறுங்கையோடு வந்து இறங்கினால் ஊர் என்ன பேசும் என்றார். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வேலிவரை ஓடிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அம்மா கிரீஸ் கையைப் பழந்துணியில் துடைத்தாள். விரல் விரலாக, நேரமெடுத்துத் துடைத்தாள்.

"கைய வீசிட்டு வந்தாலும் ஏர்போட்டுல நானும் பிள்ளையும் நிப்போம்," என்றாள். "இப்பம் அடுத்தது என்ன செய்யணும், அதச் சொல்லுங்க."

அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் எழுந்து நின்றாள். அவளுடைய நைட்டியின் மடிப்பிலிருந்து அந்தப் பூட்டு தரையில் விழுந்தது. நான் சிரித்தேன், உடனே அழுகையும் வந்தது. அம்மா குனிந்து அதை எடுத்து வாயால் ஊதிவிட்டு, கடப்பாரையைப் பிடிக்கச் சொன்னாள்.

வியாழக்கிழமை ஆறும் முடிந்தன. வால்வுக்கும் அதை அமுக்கும் டேப்பட்டுக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளியை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. ஷேவிங் பிளேடு ஒன்று நுழைய வேண்டும், இரண்டு சேர்த்து வைத்தால் நுழையக் கூடாது என்றார் அப்பா. அப்படியே வைத்தோம். வண்டியைக் கிளப்பியபோது முன்னைவிட அதிகமாகப் புகை வந்தது. அம்மா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துவிட்டாள். பழைய எண்ணெய் சைலன்சரில் கிடக்கும், எரிந்து தீரட்டும், ஓட்டிக்கொண்டே இரு என்று அப்பா போனில் சொன்னார். மயிலாடிவரை போய்த் திரும்பி வருவதற்குள் பின்கண்ணாடியில் சாலை தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் காலை, ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் கிளப்பினோம். இரண்டுபேரும் பின்னால் போய்க் குனிந்து பார்த்தோம். ஒன்றுமில்லை.

பள்ளி திறந்தபோது பதினொரு பிள்ளைகளில் ஒன்பது பேர் வந்தார்கள், வேறு வண்டி பார்ப்போம் என்ற வீட்டின் மூன்று பேரும் அதில் இருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் அப்பா வந்தார், ஒரே ஒரு பையோடு. அதே வேனில்தான் திருவனந்தபுரம் போய் அழைத்துவந்தோம். வழியெல்லாம் அவர் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். தக்கலை தாண்டியபிறகு, மெச்சும் விதமாக, "கொள்ளாம்" என்று ஒரு சொல் சொன்னார்.

அந்த வேனைப் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர்காரர்கள் கொண்டுபோய்ப் பல வருடமாகிறது. முற்றத்தில் அப்பா சிறிய வர்க் ஷாப் போட்டிருக்கிறார், அம்மா உதிரிச் சாமான் வாங்கி வருகிறாள். சண்டையில்லாமல், அதிகம் பேச்சுமில்லாமல் இருக்கிறார்கள். அந்த நான்கு நாள் போனில் பேசிய அளவுக்கு, ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன், என் வெப்ராளமும் கூடவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அழைத்தால், அப்பா சுகம் விசாரித்துவிட்டு உடனே "அம்மாட்ட குடுக்கேன்" என்பார். என் காருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும், "கிளப்பும்போது என்னமோ ஒரு சத்தம் வருதுப்பா" என்பேன். எந்தப் பக்கம், வண்டி சூடானபிறகும் வருகிறதா, கியர் மாற்றும்போதா என்று அவர் கேட்கத் தொடங்குவார். நான் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி, இல்லாத சத்தத்தை அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.